அப்பாவுக்கு மூன்று பெயர், மூன்று பிறந்த நாள்

கோயம்புத்தூரில் அந்த ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளும்போது கவுண்டரில் இருந்த பெண் "பேஷண்ட் பேர் என்னங்க?" என்று கேட்டாள். நான் அப்பாவின் காலில் கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தேன். நீலகிரி மலையில் எங்கள் ஊரான மஞ்சூரிலிருந்து எங்களோடு ஆம்புலன்ஸில் வந்த பக்கத்து வீட்டுப் பையன், பாவம், அவனுக்கு என்ன தெரியும், "சாமின்னு போட்டுக்கங்க" என்றான். ஊரில் அப்பாவை எல்லோரும் சாமியண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெண்ணும் அப்படியே தட்டிவிட்டாள். அந்த இரண்டு எழுத்துக்கு நான் கொடுத்தது எட்டு மாதமும் 41,000 ரூபாயும். குன்னூரில் என் தையல் கடையைச் சாத்திவிட்டு அலைந்த நாட்களை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. இதையெல்லாம் முன்கூட்டியே யாராவது ஒருத்தர் எனக்குச் சொல்லியிருந்தால் பாதியாவது மிஞ்சியிருக்கும், அதனால்தான் எழுதுகிறேன்.

2024 ஜனவரி, உறைபனிக் காலம். சேர்த்த நாலாவது நாள் விடியற்காலையில் அப்பா போய்விட்டார். 88 வயதா 89 வயதா என்றுகூட எங்களுக்கு உறுதியாகத் தெரியாது. ஜாதகத்தில் ஒன்று, வேலையில் ஒன்று, ஆதாரில் 1.1.1935 என்று ஒன்று. ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர் என்று ஆதாரை வைத்துக் கணக்கெடுத்தால் சிரிப்பு வரும். அம்மாவைக் கேட்டால், "சண்டை ஆரம்பிச்சப்போ மாடு மேய்ச்சிட்டு இருந்தாராம்" என்பார். இரண்டாம் உலகப் போரைச் சொல்கிறார். பெரியண்ணன் 2011-லேயே இறந்துவிட்டான். சின்னவன் மஸ்கட்டில், வந்து காரியம் முடிந்த கையோடு விமானம் ஏற வேண்டிய நிலை. ஆக எல்லாம் என் தலையில்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அண்ணன் மகள் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கக் கொடுக்கப் போனாள். "அத்தை, தாத்தாவைப் பத்தி நாலு வரி சொல்லுங்க, போட்டோவுக்குக் கீழே போடணும்" என்றாள். நான் உட்கார்ந்து யோசித்தேன். மின்வாரியத்தில் வேலை பார்த்தார், நல்ல மனிதர், எல்லோருக்கும் உதவினார். அதற்கு மேல் எனக்கு வரவில்லை. 55 வயது மகள், ஐம்பத்தைந்து வருஷமும் அந்த மனிதரைப் பார்த்திருக்கிறேன், நாலாவது வரி இல்லை. கடைசியில் அவளே ஒரு திருக்குறளைப் போட்டுக்கொண்டாள்.

அந்த வாரமே இறப்புச் சான்றிதழ் வந்தது. இணையத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம், அதெல்லாம் சுலபம்தான். பெயர்: சாமி. தகப்பனார் பெயர் இருந்த இடத்தில் கோடு. வயது 85. ஓய்வூதியப் புத்தகத்தில் அப்பா வெ. சாமியப்பன், ஆதாரிலும் அதே. மஞ்சூர் வீட்டுப் பட்டாவில் சாமிநாதன், அது யார் போட்ட பெயர் என்று இன்றுவரை தெரியவில்லை. அந்தச் சான்றிதழை வைத்துக்கொண்டு வங்கிக்குப் போனால், "இது வேற ஆள்ங்களே" என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை, தாளைப் பார்த்தால் வேறு ஆள்தான்.

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது எந்தப் பதற்றத்திலும் ஆதார் அட்டையைக் கவுண்டரில் நீட்டிவிடுங்கள், வாயால் பெயர் சொல்லாதீர்கள். சேர்க்கையில் எழுதும் பெயர்தான் பில்லில் போகிறது, பில்லில் இருப்பதுதான் இறப்பு அறிக்கையில் போகிறது. ஆஸ்பத்திரியில் இறந்தால் அவர்களே பதிவுக்கு அனுப்பிவிடுவார்கள், உடலை வாங்கும்போது அந்த அறிக்கையில் பெயர், இனிஷியல், தகப்பனார் பெயர், வயது, முகவரி எல்லாம் எப்படி எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை படித்துப் பார்க்கக் கேளுங்கள். அழுகையோடு இருக்கும்போது இது தோன்றாது, கூட வந்த யாராவது ஒருவரிடம் இந்த வேலையை ஒப்படைத்துவிடுங்கள். அப்புறம், எந்த ஊரில் உயிர் போனதோ அந்த ஊரில்தான் பதிவு. நாங்கள் மஞ்சூர்க்காரர்கள், ஆனால் பதிவு கோவை மாநகராட்சியில். ஒவ்வொரு திருத்தத்துக்கும் மலை இறங்க வேண்டும். வீட்டில் இறந்தால் 21 நாளைக்குள் நீங்களே தெரிவிக்க வேண்டும், கடைசியாக வைத்தியம் பார்த்த டாக்டரிடம் காரணம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 21 நாள் தாண்டினால் தாமதக் கட்டணம், 30 நாள் தாண்டினால் மேலதிகாரி அனுமதி, ஒரு வருஷம் தாண்டினால் இன்னும் பெரிய அலைச்சல்.

நான் செய்த அடுத்த தப்பு ஏடிஎம். அப்பாவின் கார்டும் ரகசிய எண்ணும் என்னிடம்தான் இருந்தது, மாதாமாதம் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். காரியச் செலவுக்கு 18,000 எடுத்தேன். அப்பா போனதை யாருக்கும் எழுத்தில் தெரிவிக்காததால் பிப்ரவரி மாத ஓய்வூதியமும் வந்து விழுந்தது. அதிலும் கொஞ்சம் எடுத்தோம். ஒருவர் இறந்த பிறகு அவர் கணக்கில் கார்டு போட்டு எடுப்பதே கூடாது என்பது அப்போது எனக்குத் தெரியாது, அப்பா காசுதானே என்ற நினைப்பு. இறந்த நாள் வரைக்கும்தான் ஓய்வூதியம், மறுநாளிலிருந்து குடும்ப ஓய்வூதியம். அதிகமாக வந்ததைத் திருப்பிக் கட்டியே ஆக வேண்டும். வங்கி மேலாளர் முன்னால் திருடி மாதிரி நின்றுகொண்டு பணம் கட்டினேன். அவர் கேட்ட தொனி இன்னும் காதில் இருக்கிறது. நீங்கள் முதல் வாரத்திலேயே ஒரு கடிதமும் சான்றிதழ் நகலும் கொடுத்துவிட்டு, ஒப்புகை கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் இறந்தவருடைய செல்போன் எண்ணை மட்டும் நிறுத்தாதீர்கள், ஒரு வருஷமாவது ரீசார்ஜ் செய்து வையுங்கள். சமையல் கேஸ், மின் இணைப்பு என்று எதைத் தொட்டாலும் ஓடிபி அந்த எண்ணுக்குத்தான் போகிறது.

வாரிசுச் சான்றிதழுக்கு ஒரு புரோக்கரைப் பிடித்தேன். "நீங்க ஏனக்கா அலையறீங்க" என்றான், அந்த ஒரு வார்த்தைக்கே விழுந்துவிட்டேன், ஏனென்றால் அதற்கு முன் யாரும் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை. 6,000 ரூபாய். இறந்துபோன அண்ணனின் மனைவியும் மகளும் திருப்பூரில் இருக்கிறார்கள், அவர்கள் பெயரைச் சேர்த்தால் சிக்கல் என்று அவனாகவே விட்டுவிட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறான். விசாரணைக்கு வந்த கிராம நிர்வாக அலுவலர் ஒரே நிமிஷத்தில், "பெரிய பையன் எங்கே?" என்று கேட்டார். விண்ணப்பம் தள்ளுபடி. ஆளும் போனை எடுக்கவில்லை. மறுபடி நானே இ-சேவை மையத்தில் போட்டேன், அண்ணனின் இறப்புச் சான்று, அண்ணி, அவள் மகள் எல்லோருடைய ஆதாரும் வைத்து. தானாகவே நடந்தது. முன்னால் இறந்த மகன் இருந்தால் அவர் குடும்பமும் வாரிசுதான், கல்யாணமான பெண்களும் வாரிசுதான், யாரையும் விடாதீர்கள். விட்டால் தள்ளுபடி மட்டுமில்லை, உறவும் போகும். அண்ணி இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை, நான்தான் வேண்டுமென்று விட்டுவிட்டேன் என்று நினைத்திருக்கிறாள். நாமினி பற்றியும் ஒரு வார்த்தை: நாமினி என்றால் சொத்து அவருக்கு என்று அர்த்தமில்லை, வங்கியிலிருந்து பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டிய பொறுப்பு அவருக்கு. எங்கள் வீட்டிலேயே இதில் ஒரு சண்டை நடந்தது, அதை இங்கே எழுத விருப்பமில்லை.

சரி, பெயருக்கு வருகிறேன். திருத்தம் கேட்டு மனு கொடுத்தால், ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வேண்டும், இருவரும் ஒருவரே என்பதற்கு ஆதாரம் வேண்டும், விஷயம் தெரிந்த இரண்டு பேர் உறுதிமொழி கொடுக்க வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஒரு கடிதத்துக்கு இரண்டு மாதம் இழுத்தார்கள். அந்த அறைக்குப் போ, இந்த அறைக்குப் போ, சீல் வைப்பவர் இன்று லீவு. மஞ்சூரிலிருந்து காலை முதல் வண்டிக்கு இறங்கினால் அவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்கு எழும் நேரத்துக்குத்தான் போய்ச் சேர முடியும். ஒரு நாள் மழையில் வண்டி கிடைக்காமல் லாட்ஜில் தங்கினேன். அறையில் உட்கார்ந்து சாப்பிடாமல் அழுதேன். அப்பா மேல்தான் கோபம். காரணம் இருக்கிறது. ரிட்டையர் ஆனபின் ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் படிவம் நிரப்பிக் கொடுப்பார். வருஷா வருஷம் உயிரோடு இருக்கிறேன் என்று கொடுக்கும் சான்றுக்கு நடக்க முடியாத கிழவர்களை ஜீப் பிடித்துக் கூட்டிப் போவார், ஜீப் வாடகை பெரும்பாலும் அவர் பாக்கெட்டிலிருந்து. அப்படிப்பட்டவர் தன் காகிதங்களை ஒரு பிஸ்கட் டின்னில் மடித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். வாத்தியார் பிள்ளை மக்கு என்கிற கதைதான்.

அந்தக் கோபத்திலேதான் உறுதிமொழிக்கு ஆள் தேடி, எமரால்டு என்கிற ஊர்ப் பக்கம் இருந்த அவருடைய பழைய கூட்டாளி வீட்டுக்குப் போனேன். ரிட்டையர்டு போர்மேன், வயது எண்பத்து நாலு, காது மந்தம், கண் நன்றாக இருக்கிறது. வெளியில் தேயிலைப் பை காய்ந்துகொண்டிருந்தது, விறகடுப்பில் கெட்டில். நான் சான்றிதழை நீட்டினேன். அவர் "சாமி" என்பதைப் படித்துவிட்டுச் சிரித்தார். சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை. "அம்மிணி, இது உங்கப்பன் மொதல் பேரு. இந்தப் பேர்லதான் அவன் மலைக்கு வந்தான்" என்றார்.

1957-இல் அப்பா காரமடையிலிருந்து வீட்டில் சொல்லாமல் கிளம்பியிருக்கிறார். அது எனக்கும் தெரியும். வெள்ளியங்காடு வழியாகக் காட்டுக்குள் நடந்தே கெத்தைக்கு ஏறினார் என்பது தெரியாது. கையில் ஒரு பித்தளைச் சொம்பும் அவல் மூட்டையும். அப்போது கனடா நாட்டு உதவியோடு குந்தா மின்திட்டம் நடந்துகொண்டிருந்தது. அவலாஞ்சி, எமரால்டு என்று அணை கட்டவும், மலையைக் குடையவும், குழாய் இறக்கவும் ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்தார்கள். மஸ்டர் ரோல், அதாவது கூலியாட்களின் வருகைப் பட்டியல், எழுதுகிறவர் பெயர் கேட்க, இவர் முழுப் பெயரையும் தகப்பனார் பெயர் வெள்ளியங்கிரியையும் சொல்ல, பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார இன்ஜினியருக்கு அது வாயில் நுழையவில்லை. "சாமி" என்றாராம். எழுதுகிறவரும் சாமி என்றே எழுதிவிட்டார். ஏழு வருஷம் அந்தப் பெயரில்தான் கூலி. 1964-இல் வேலை நிரந்தரமானபோது, பெயரைச் சரிசெய்யச் சொல்லி அப்பா மூன்று தடவை மனு எழுதியிருக்கிறார். கடைசியில் சர்வீஸ் ரிஜிஸ்டரில், அதாவது பணிப் பதிவேட்டில், சிவப்பு மையில் ஒரு குறிப்பு போட்டார்கள். "நான்தான் சாட்சிக் கையெழுத்து. போய் மொதல் பக்கத்தப் பாரு" என்றார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நாலு மாதம் வக்கீல், நோட்டரி என்று 8,500 ரூபாய் செலவழித்துத் தேடிய ஆதாரம் அப்பா கதையிலேயே இருந்திருக்கிறது. "ஏம்ப்பா உங்களைச் சாமின்னு கூப்பிடறாங்க?" என்று நான் ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். ஊதியப் பிரிவில் விண்ணப்பம் கொடுத்தேன், அவர்கள் பொறுமையாகத் தேடிப் பழைய கட்டிலிருந்து எடுத்து நகல் கொடுத்தார்கள். முதல் பக்கம் பழுப்பேறி ஓரம் உதிர்ந்திருந்தது. "சாமி, த/பெ வெள்ளியங்கிரி" என்பதைக் கோடிட்டு அடித்து, மேலே சிவப்பில் "வெ. சாமியப்பன் எனப் படிக்கவும்" என்று எழுதி உத்தரவு எண், தேதி. கீழே அப்பாவின் இடது கைப் பெருவிரல் ரேகை, அதற்குப் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் கையெழுத்தும். ரேகை வைத்த பிறகு, எனக்கு எழுதத் தெரியும் என்று கேட்டு வாங்கிப் போட்ட கையெழுத்தாம்.

உங்கள் அப்பாவோ தாத்தாவோ அரசு வேலையில் இருந்திருந்தால், அவர் இருக்கும்போதே சர்வீஸ் ரிஜிஸ்டர் நகல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓய்வூதிய ஆணையில் மனைவி பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்று பாருங்கள், எங்கள் அம்மா அதில் ராஜம்மாள், ஆதாரில் ராஜாமணி, அதற்குத் தனியாக ஒரு ஓட்டம். இருவரும் உயிரோடு இருக்கும்போது ஒரு மனுவில் முடிகிற வேலை இது.

அன்று அந்தப் பெரியவர் வீட்டில் மூன்று மணி நேரம் இருந்தேன். கேட்டேன், கேட்டேன். எங்கள் அப்பா ஒரே தண்ணீரை நாலு தடவை கறக்கிறோம் என்று சொல்லுவார், எனக்கு அது ஏதோ வேடிக்கைப் பேச்சு என்றுதான் நினைப்பு. பெரியவர் அடுப்புக்கரியால் தரையில் கோடு போட்டுக் காட்டினார். அவலாஞ்சி எமரால்டு தண்ணீர் குந்தாவில் முதல் மின்நிலையத்தில் 60 மெகாவாட், அது அப்படியே இறங்கி கெத்தையில் 175, அப்புறம் பரளி, அப்புறம் பில்லூர். நாலு இடத்தில் கறந்த பிறகுதான் பவானி ஆற்றோடு சமவெளிக்கு. காரமடைச் சொந்தக்காரர்கள் கேலி செய்தால் அப்பா, "நீங்க குடிக்கறது நாங்க கறந்த மிச்சம்டா" என்பாராம். 1960-இல் முதல் மின்நிலையம் ஓடியபோது அப்பா கட்டிலில் கிடந்திருக்கிறார், குழாய்ப் படியில் வழுக்கி விழுந்து கால் முறிவு. படி இருக்கும்போது குழாய் மேலேயே ஏறி நடப்பாராம், மழையில், செருப்பில்லாமல், ஒரு பீடி பந்தயத்துக்கு. நான் பார்த்த அப்பா சாலையில் வண்டி வந்தால் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிறவர்.

டவர் லைன் பார்க்கப் போன இரவில் யானை வழிமறித்து, டவரின் கீழ்ச் சட்டத்தில் ஏறி விடியும்வரை உட்கார்ந்த கதை எங்களுக்குத் தெரியும், ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் அன்று அவர் காட்டுக்குள் போன காரணம் லைன் இல்லை. இருளர் கிராமம் ஒன்றில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி, லைன் கயிற்றையும் இரண்டு மூங்கிலையும் வைத்து டோலி கட்டி மஞ்சூருக்குத் தூக்கி வந்து விட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் யானை. இந்த முதல் பாதியை எங்களிடம் சொன்னதே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று பெரியவரைக் கேட்டேன். "டூட்டி நேரத்துல போனது. வெளிய தெரிஞ்சா மெமோ வருமே" என்றார்.

அப்புறம் 1990. இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. அந்த அக்டோபரில்தான் எனக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் குன்னூரிலிருந்து வர வேண்டிய நாளுக்கு முதல் நாள், கெத்தையில் மலை சரிந்து வீடுகள் மண்ணுக்குள் போய்விட்டன என்று செய்தி வந்தது. அப்பா ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு போனார். வரவில்லை. நிச்சயம் பெரியப்பா தலைமையில் நடந்தது. நாலாம் நாள் ராத்திரி வந்தார், தலை முதல் கால் வரை சேறு, யாரோடும் பேசவில்லை, வெந்நீர் வைத்துக் குளித்துவிட்டுப் படுத்துவிட்டார். மாப்பிள்ளை வீட்டில் பொண்ணுக்கு அப்பா எங்கே என்று கேட்டது எனக்கு முப்பது வருஷம் ஆறாத புண். ஊருக்கெல்லாம் ஓடுவார், எனக்கென்று வந்தால் இருக்க மாட்டார் என்று அம்மாவிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அவரிடம் நேராகக் கேட்டதில்லை.

பெரியவர் சொன்னார். மண் தோண்டியது எல்லோரும்தான். அப்பா கூடவே ஒரு பாக்கெட் டைரியும் பென்சிலும் வைத்துக்கொண்டு, எடுக்க எடுக்க அடையாளம் தெரிந்தவர்களைக் கூப்பிட்டு ஒவ்வொருவருடைய பெயரையும் கேட்டுக் கேட்டு எழுதியிருக்கிறார். கூப்பிடுகிற பெயர் இல்லை, முழுப் பெயர், இனிஷியல், தகப்பன் பெயர், சொந்த ஊர். யாரோ எரிச்சலில், "இந்த நேரத்துல இனிஷியல் எதுக்குண்ணே" என்று கேட்டதற்கு, "பேர் தப்பாப் போச்சுன்னா பின்னாடி சம்சாரம் அலையும்டா" என்றாராம். பெரியவர் இதைச் சொல்லிவிட்டு என் மடியில் இருந்த சான்றிதழைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கெட்டில் பொங்கி அடுப்பில் வழிந்தது, அவர் எழுந்து போய் இறக்கி வைத்தார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு வேறு விஷயங்கள் ஞாபகம் வந்தன. இவர் வீட்டில் இல்லவே இல்லை என்று நான் ஒரு கணக்கு வைத்திருந்தேனே, அது பொய்க் கணக்கு. மழைக்காலத்தில் எங்கள் மூவரின் ஷூவையும் ராத்திரி அடுப்போரம் திருப்பித் திருப்பிக் காயவைத்தது அவர். சீசனில் சட்டைப்பை கறையாகும் அளவு தவிட்டுப்பழம் கொண்டுவந்தது அவர். காலை ஐந்து மணிக்கு அம்மாவுக்கு டீ போட்டுக் கொடுப்பது ஆஸ்பத்திரிக்குப் போன நாள் வரைக்கும் நிற்கவில்லை. எனக்கு மாப்பிள்ளை வீட்டில் ஒரு பிரச்சினை வந்தபோது பேசாமல் வந்து, என் தையல் மிஷினைத் தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவரும் அவர்தான். கடைக்கு முன்பணம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை.

இனி குரலைப் பற்றி. 2021-இல் ஒரு நாள் நான் என் போனில் அவரை நாற்பது நிமிஷம் பேசவைத்துப் பதிவு செய்தேன். அடுத்த வருஷம் அந்தப் போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிட்டுப் புதுசு வாங்கினேன், பதிவை எடுத்து வைக்கவில்லை. போனுக்கு எனக்குக் கிடைத்தது 1,800 ரூபாய். இப்போது அப்பா குரல் என்று எங்களிடம் இருப்பது அண்ணன் மகளின் வாட்ஸ்அப்பில் இருக்கும் நாலு துண்டு, மொத்தம் பதினோரு நிமிஷம், அதில் பாதி பக்கத்தில் ஓடுகிற டிவி சத்தம். அதனால் பதிவு செய்தால் அன்றைக்கே இரண்டு பேருக்கு அனுப்பிவிடுங்கள். டிவியை நிறுத்துங்கள், போனை அவர் மடியில் வையுங்கள். இன்னொன்று, "உங்க வாழ்க்கையைச் சொல்லுங்க" என்று கேட்காதீர்கள், எந்தக் கிழவரும் "என்னத்தச் சொல்றது" என்பார். சின்னதாகக் கேளுங்கள். முதல் கூலி எவ்வளவு, அதில் என்ன வாங்கினீங்க, அன்னிக்கு யானை நின்னப்போ பசிக்கலையா, பாக்கெட்டில் என்ன இருந்தது. என் அண்ணன் மகள் அப்படித்தான் கேட்டிருக்கிறாள், அதனால்தான் அந்தப் பதினோரு நிமிஷத்தில் டவர் மேல் உட்கார்ந்துகொண்டு இரண்டு வறுக்கியை விடிய விடிய நக்கித் தின்ற கதை இருக்கிறது. நான் பெரிய பெரிய கேள்வியாகக் கேட்டு வாங்கிய நாற்பது நிமிஷத்தில் என்ன இருந்தது என்று எனக்கே ஞாபகமில்லை.

போட்டோவிலும் ஒரு அடி வாங்கினேன். எங்கள் மலை ஈரத்தில் பழைய ஆல்பங்களில் பூஞ்சை பிடித்து, மேலே இருக்கும் பிளாஸ்டிக் தாள் படத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஒரு ஸ்டுடியோவில் ஸ்கேன் செய்து தரச் சொல்லி 3,500 ரூபாய் கொடுத்தேன். அந்த ஆள் தண்ணீர் விட்டு உரித்ததில் பதினோரு படம் போய்விட்டது, அதில் ஒன்று கனடாக்காரர்களோடு அணைக்கட்டில் அப்பா நின்றது, அவர் இடத்தில் இப்போது வெள்ளைத் திட்டு. ஒட்டியிருந்தால் உரிக்கவே உரிக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில், சன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்து, பிளாஸ்டிக்கோடு சேர்த்தே போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, அப்புறம் யாரிடம் வேண்டுமானாலும் கொடுங்கள். தனிப் படங்களுக்குப் பின்னால் பென்சிலால் பெயர் எழுதுங்கள், பேனா மை முன்பக்கம் ஊறும். அம்மா இருக்கும்போதே நான் இப்போது அதைச் செய்கிறேன். "இது யாரும்மா" என்றால் பாதிப் படத்துக்கு "அந்த வாட்ச்மேன் சம்சாரத்தோட தம்பி" என்கிற மாதிரிதான் பதில் வருகிறது, பரவாயில்லை, அதையே எழுதுகிறேன்.

சர்வீஸ் ரிஜிஸ்டர் நகல், ஆஸ்பத்திரிக் கடிதம், பெரியவரும் இன்னொரு லைன்மேனும் கொடுத்த உறுதிமொழி எல்லாம் வைத்த பிறகு வேலை மளமளவென்று நடந்தது. செப்டம்பரில் திருத்திய சான்றிதழ் வந்தது. அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் நிலுவையோடு வந்துவிட்டது. என் கணக்கையும் எழுதிவிடுகிறேன்: போக்குவரத்துக்கு 17,000, வக்கீல் நோட்டரிக்கு 8,500, புரோக்கருக்கு 6,000, லாட்ஜ் சாப்பாட்டுக்கு 4,000, ஸ்டுடியோவுக்கு 3,500, நகல், தபால் மற்ற செலவு 2,000. இதில் உண்மையிலேயே தேவைப்பட்டது எவ்வளவு என்று பார்த்தால் ஏழாயிரம்கூட வராது.

சான்றிதழை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் பார்த்தார். "சாமியப்பன்னு போட்டிருக்காங்களா?" என்றார். ஆமாம்மா, இப்பத்தான் சரியாயிருக்கு என்றேன். "அப்படிக் கூப்பிட்டா அவரு திரும்பிக்கூடப் பாக்கமாட்டாரே" என்றார்.

அந்தப் பாக்கெட் டைரி பிஸ்கட் டின்னில் அடியில் இருந்தது. தண்ணீர் பட்டுப் பாதி அழிந்திருந்தாலும் பெயர்கள் படிக்க முடிகிறது. என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை, பெரியவரிடம் ஒரு தடவை காட்ட வேண்டும். வீட்டுப் பட்டா இன்னும் சாமிநாதன் பெயரில்தான் இருக்கிறது. வருகிற செவ்வாய்க்கிழமை தாலுகா ஆபீசுக்குப் போகிறேன், அதற்கு முன்னால் திங்கள்கிழமை எமரால்டு.